பென்சிலைக் கயிற்றில் கட்டியிருந்த ஊர்

வாக்குச்சாவடி வேலையைப் போல உட்கார்ந்த இடத்திலேயே ஆளைக் களைத்துப்போக வைக்கிற வேலை வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் தேர்தல் டியூட்டி பார்த்துவிட்டு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்த டீச்சர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவார்கள். நான் பார்த்தது அங்கே இல்லை. அயர்லாந்தில், என் கணவன் செந்திலுக்கு வேலை இருந்த ஒரு சின்ன ஊரில். அந்த நாட்டில் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்பதில்லை. அங்கே குடியிருந்து, பட்டியலில் பெயர் இருந்தால் ஓட்டுப் போடலாம். சாவடி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சும்மாதானே இருக்கிறோம் என்று விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது.

இப்போது டெக்ஸஸில், ரிச்சர்ட்சனில் இருக்கிறோம். பத்து மாதப் பையன் பக்கத்தில் தூங்குகிறான். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. போன சனிக்கிழமை இந்தியன் ஸ்டோர் வாசலில் ஒரு காலேஜ் பெண் அட்டையும் பேனாவும் நீட்டி, வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா என்று கேட்டாள். அயர்லாந்துப் பழக்கம், கை தானாக வாங்கிக்கொண்டது. பெயர் எழுதினேன், முகவரி எழுதினேன். அப்புறம்தான் அட்டையின் மேல்பக்கம் இருந்த கேள்வி கண்ணில் பட்டது. நீங்கள் அமெரிக்கக் குடிமகனா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அட்டையை அவள் கையில் திணித்துவிட்டு ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

வேலைக்கு வந்தவரின் ஹெச்-ஒன், கூட வந்தவரின் ஹெச்-ஃபோர் விசாவில் காலம் தள்ளுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். குடிமகன் அல்லாதவர் அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று டிக் பண்ணிவிட்டால் பொய் சொன்னதாக அர்த்தம். கிரீன் கார்டு போச்சு, நாமும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இங்கே பிறந்த பிள்ளை மட்டும் குடிமகன், அதையும் டிவியில் அவ்வப்போது வாதாடுகிறார்கள். நான் டிக் பண்ணவில்லை. ஆனால் பேனா அட்டையின் மேல்பக்கம் ஒரு தடவை என்னவோ போட்டது கைக்கு ஞாபகம் இருக்கிறது. அது என்ன என்பது பகலில் பெரிதாகத் தெரிவதில்லை. ராத்திரியானால் வேறு நினைப்பே இல்லை. செந்திலிடம் சொல்லவில்லை. அந்தப் பெண் இனி சனிக்கிழமைதான் வருவாள் என்று ஸ்டோரில் சொன்னார்கள். அதுவரை, பென்சிலையும் சீட்டையும் பயமில்லாமல் தொட்ட நாட்களை எழுதிவைக்கிறேன்.

குட் மார்னிங் சிஸ்டர்

எங்கள் வாக்குச்சாவடி ஒரு கான்வென்ட் பள்ளியின் வகுப்பறை. சுவரில் குழந்தைகள் வரைந்த ஆடுகள், ஜன்னலோரம் மாதா சிலை, தரையில் பாலிஷ் வாசனை. திருச்சியில் நான் படித்த கான்வென்ட்டிலும் இதே வாசனைதான். சாவடிக்குப் பொறுப்பு மோரா. போஸ்ட் ஆபீஸிலிருந்து ரிட்டையரானவர், வாய் சும்மா இருக்காது. நான் பட்டியலில் பெயரைப் பார்த்துக் கோடு போடுவேன். மோரா சீட்டில் முத்திரை குத்திக் கொடுப்பார். வாக்காளர் மறைப்புக்குப் பின்னால் போய், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பென்சிலால், பிடித்த வேட்பாளருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று எண் போட வேண்டும். நம்மூர் போல ஒரு பட்டனை அமுக்கிவிட்டுப் போகிற கதை இல்லை.

காலையில் முதல் கூட்டம் ஓய்ந்த நேரம், வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஒரு வயதான கன்னியாஸ்திரி உள்ளே வந்தார். நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிவதற்குள் எழுந்து நின்று, கையைக் கட்டி, வகுப்பே சேர்ந்து இழுக்கிற அதே ராகத்தில் "குட் மார்னிங் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மோரா முத்திரைக் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உட்காரு குழந்தை. இன்னிக்கு நீ என் பேருக்குக் கோடு போட்டாத்தான் நான் எழுத முடியும்."

விஜயா ஆன்ட்டியின் விரல்

விஜயா ஆன்ட்டி மதுரைக்காரர், அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார். சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே போகாமல் எங்கள் மேஜைக்குத் திரும்பி வந்து, இடது கை ஆள்காட்டி விரலை மோராவின் மூக்குக்கு நேரே நீட்டினார். மோரா விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார். "அடடா, எங்கே இடிச்சுக்கிட்டே?" என்று முதலுதவிப் பெட்டியைத் திறந்துவிட்டார்.

அங்கே மை வைக்கிற வழக்கமே கிடையாது என்று ஆன்ட்டியிடம் சொன்னேன். "மை இல்லாம எப்படிம்மா? ஒருத்தரே ரெண்டு தடவை வந்தா?" என்றார். பட்டியலில் கோடு போட்டாயிற்றே என்றேன். அவருக்குச் சமாதானமாகவில்லை. இதற்குள் மோரா ஒரு பிளாஸ்டரைப் பிரித்துக் கையில் தயாராக வைத்திருந்தார். ஆன்ட்டி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு விரலை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

"சரி, ஒட்டச் சொல்லு. ஊர்ல எங்க மாமியாருக்கு போட்டோ அனுப்பணும். விரல்ல ஏதாச்சும் இருந்தாத்தான் அவங்க நம்புவாங்க."

ஒரு சீட்டு குறைவு

அன்றைக்கு உள்ளாட்சித் தேர்தலும் ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலும் ஒரே நாளில். நம்மைப் போன்றவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பட்டியலில் 'எல்' என்று ஓர் எழுத்து இருக்கும். உள்ளாட்சிச் சீட்டு மட்டும் கொடு என்று அதற்குப் பொருள். என் பெயருக்குப் பக்கத்திலும் அது இருந்தது. மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் என் பெயருக்கு நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மோராவிடம் சீட்டு வாங்கி, ஓட்டும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒரு நிமிஷ வேலை. இப்போது நினைத்தால் ஏதோ பட்டம் வாங்கின நாள் மாதிரி இருக்கிறது.

ஐரோப்பியச் சீட்டில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள், போட்டோவோடு. விரித்துப் பிடித்தால் கைக்குழந்தைக்குப் போர்த்தலாம், அவ்வளவு நீளம். ஓட்டலில் சமையல் பார்க்கிற திருநெல்வேலிக் குமரேசன், காலையில் வேலைக்குப் போகிற வழியில் வந்தவர், முன்னால் நின்றவருக்கு இரண்டு சீட்டும் தனக்கு ஒன்றும் வந்ததைக் கவனித்துவிட்டார். "என்ன மேடம், அவருக்கு மட்டும் பெருசா ஒண்ணு தாரீக?" என்றார், பந்தியில் தன் இலைக்கு மட்டும் இனிப்பு விட்டுப்போன முகத்தோடு. நான் விளக்கினேன். அவர் எட்டிப் பார்த்தார். முன்னவர் அந்த நீளத்தை மறைப்புக்குள் விரிக்க இடமில்லாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"விடுங்க மேடம். இம்புட்டு பேருக்கும் நம்பர் போட்டு முடிக்கதுக்குள்ள மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக வந்துருவாங்க."

கடைசி நம்பர்

எங்கள் கான்வென்ட்டில் ரேங்க்கை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசிப்பார்கள். கடைசிப் பெயர் வருகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒரு நாடே ரேங்க் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் என்று அந்த வயதில் யாராவது சொல்லியிருந்தால் ஜுரமே வந்திருக்கும். எத்தனை பேருக்கு எண் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒருவருக்கு மட்டும் 1 போட்டுவிட்டும் போகலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள்.

பேடி என்கிற விவசாயி அப்படி இல்லை. மறைப்புக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. பூட்ஸ் மட்டும் கீழே தெரிந்தது. வரிசை கதவு வரை போய்விட்டது. "பேடி, தூங்கிட்டியா உள்ள?" என்று மோரா குரல் கொடுத்தார். பதில் தட்டிக்குப் பின்னாலிருந்து நிதானமாக வந்தது:

"என் வேலிய இடிச்சானே, அவனுக்குக் கடைசி நம்பர் போடத்தான் வந்தேன். அவன் கடைசில வரணும்னா மத்தவங்க எல்லாரையும் அவனுக்கு முன்னாடி நிறுத்தணும்ல?"

வாத்து

மறுநாள் எண்ணிக்கை, ஒரு விளையாட்டு அரங்கத்தில். அதற்கும் என்னை எடுத்திருந்தார்கள். எங்கள் மேஜைகளுக்கு எதிரே தடுப்பு, தடுப்பின் மேல் கட்சிக்காரர்கள் வயிற்றை அழுத்திக் குனிந்து நிற்பார்கள். நாங்கள் சீட்டைப் பிரிக்கப் பிரிக்க யாருக்கு 1 என்று பார்த்து அவர்களே ஒரு கணக்குப் போட்டுக்கொள்வார்கள். "கொஞ்சம் மெதுவாப் பிரிம்மா" என்று கெஞ்சல் வேறு.

சந்தேகச் சீட்டுகளைத் தனியே வைக்க வேண்டும். போட்டவர் யாரென்று காட்டிக்கொடுக்கிற குறி ஏதாவது இருந்தால் ஓட்டு செல்லாது. என் பக்கத்தில் இருந்த ஓர்லா ஒரு சீட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். "யாரோ வாத்து வரைஞ்சிருக்காங்க." எட்டிப் பார்த்தேன். எண்கள் எல்லாம் ஒழுங்காகக் கட்டத்துக்குள். சீட்டின் உச்சி மூலையில் மட்டும், சின்னதாக, நம்முடைய பிள்ளையார் சுழி.  அதே கட்டில் இன்னொரு சீட்டின் உச்சியில் ஜெ.எம்.ஜெ. என்று எழுதியிருந்தது. ஜீசஸ், மேரி, ஜோசப், அதாவது இயேசு, மரி, சூசை. எங்கள் கான்வென்ட்டிலும் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அதை எழுதினால்தான் சிஸ்டர் திருத்துவார். நான் அதைப் பேனாவால் எழுதிவிட்டு, கீழே பென்சிலால் ஒரு பிள்ளையார் சுழியும் போட்டுவைப்பேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

தேர்தல் அதிகாரி வந்தார். கட்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஜெ.எம்.ஜெ. சீட்டுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் அதை எழுதிக் கை தேய்ந்தவர்கள். வாத்துக்குத்தான் தகராறு. "இது ஆளைக் காட்டுற குறி. தள்ளுங்க" என்றார் ஒரு கண்ணாடிக்காரர். நான் வகுப்பில் தூக்குகிற மாதிரி கையைத் தூக்கினேன். எங்கள் ஊரில் எதை எழுத ஆரம்பித்தாலும் முதலில் இதைப் போடுவோம், உங்கள் ஜெ.எம்.ஜெ. மாதிரிதான் என்றேன். "இந்த ஊர்ல இதைப் போடுறவங்க எத்தனை பேர் இருப்பீங்க, ரெண்டு பேரா?" என்றார் கண்ணாடிக்காரர். பொங்கலுக்குச் சர்ச் ஹாலில் இடம் பற்றாமல் பாதிப் பேர் வாசலில் நின்று சாப்பிட்டதைச் சொன்னேன். அதிகாரி சீட்டைச் செல்லுகிற கட்டில் வைத்தார். "இத்தனை பேர் போடுற குறி ஒருத்தரை எப்படிக் காட்டிக்கொடுக்கும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த சந்தேகச் சீட்டைக் கையில் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து, அந்தச் சுழி உன்னுடையதா என்று செந்திலைக் கேட்டேன். அவன் சப்பாத்தியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னான்:

"ரகசிய வாக்கெடுப்பும்மா, சொல்ல மாட்டேன். நீயே போட்டிருப்ப. மளிகை லிஸ்ட்லகூடப் பிள்ளையார் சுழி போடுறவதானே நீ."

நாலாவது ஆள்

எண்ணிக்கை ஒரே நாளில் முடியாது. யாருக்கும் போதுமான ஓட்டு இல்லையென்றால், கடைசியில் இருப்பவரை விலக்கிவிட்டு, அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதில் அடுத்த எண் யாருக்கோ அவருக்குக் கொடுக்க வேண்டும். மறுபடி எண்ண வேண்டும். மறுபடி ஒருவரை விலக்க வேண்டும். விலக்கப்பட்டவர் வீட்டுக்குப் போகாமல் தடுப்பருகிலேயே நிற்பார், தன் சீட்டுகள் யார் வீட்டுக்குப் போகின்றன என்று பார்த்தபடி. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு நிற்கிற அப்பா மாதிரி.

ஊருக்கு உறுப்பினர்கள் பல பேர்; அதில் கடைசியாக நிரம்ப வேண்டிய இடத்துக்கு ஒரு பஸ் டிரைவர் மிஞ்சினார். முதல் சுற்றில் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொருவராக விழ விழ, அவர் கட்டு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. ஜெயித்துவிட்டார் என்று அறிவித்ததும் மேடையில் ஏறி, பேசத் தெரியாமல் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு இப்போதும் மனப்பாடம். கிரீன் கார்டு வரிசையைப் பற்றி செந்தில் பேச ஆரம்பித்தால் இதைத்தான் அவனுக்குச் சொல்வேன்:

"எனக்கு ஒண்ணாம் நம்பர் போட்டது என் பொண்டாட்டியும் அவ தங்கச்சியும்தான்னு நினைக்கிறேன். என்னை நாலாவது ஆளா நினைச்சு வச்சிருந்த எல்லாருக்கும் நன்றி."

இஞ்சி பிஸ்கட்

அதே வருஷம் நவம்பரில் அந்த நாட்டின் சொந்தப் பாராளுமன்றத் தேர்தலும் வந்தது. அதில் 'எல்' போட்டவர்களுக்குச் சீட்டு கிடையாது. விஜயா ஆன்ட்டி இல்லை, குமரேசன் இல்லை, எனக்கும் இல்லை. அதே வகுப்பறை, அதே மாதா, வெளியே எலும்பைக் கடிக்கிற குளிர். செந்திலுக்கு டெக்ஸஸ் வேலை உறுதியாகியிருந்தது. எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. இரண்டையும் மோராவிடம் சொல்லவில்லை. முத்திரைக் கருவியின் சத்தம் கேட்டாலே குமட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு பெயர்களுக்குக் கோடு போட்டேன்.

மோரா அவர் புருஷனிடமே ஐடி கேட்டு வரிசையைச் சிரிக்க வைத்தார். சிஸ்டர் வந்தார், நான் மறுபடி எழுந்து நின்றேன், அவர் மறுபடி உட்காரச் சொன்னார். கொஞ்சம் ஓய்ந்தபோது மோரா மேஜைக்கு அடியில் என் மடியில் ஒரு பொட்டலத்தை வைத்தார். இஞ்சி பிஸ்கட். பசியில்லை என்றேன். அவர் என் பக்கம் திரும்பாமல், அடுத்த ஆளுக்குச் சீட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"சாப்பிடு கண்ணு. உனக்கு இன்னிக்கு ஓட்டு இல்லாம இருக்கலாம். உள்ள இருக்கறதுக்குப் பசி இருக்குமில்ல."

ஸ்டோர் வாசல்

இன்று சனிக்கிழமை. காரில் ஏறினதும் செந்திலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் சிக்னலில் வண்டியை நிறுத்தினான். பிறகு, "ஒரு வாரமா இதைத்தான் சுமந்துட்டிருந்தியா? பையனோட பாலாடைய நான் கழுவலன்னு கோவம்னு நினைச்சேன்" என்றான். ஆனால் ஸ்டோருக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டான். அவனுக்கும் பயம்தான்.

தள்ளுவண்டிகள் நிற்கிற இடத்தில் அந்தப் பெண் நின்றிருந்தாள். நான் கூப்பிடுவதற்கு முன்னால் அவளே என்னைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, வெயிட்" என்று பையைத் திறந்தாள். எனக்கு முப்பதே ஆகவில்லை, ஆனால் அதற்கெல்லாம் கோபப்படுகிற நேரமா அது? அட்டையை எடுத்து நீட்டினாள். நான் வாங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு செந்திலிடம் பார்க்கச் சொன்னேன். அவன் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு நிற்காமல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். நானே வாங்கிப் பார்த்தேன். ஆம் கட்டம் காலி. இல்லை கட்டம் காலி. அதற்கு மேலே, அட்டையின் உச்சி மூலையில், அழகாக ஒரு பிள்ளையார் சுழி.

ஏன் இதைத் தேர்தல் ஆபீஸில் கொடுத்துவிடவில்லை என்று தமிழில் கேட்டேன். அவளுக்குத் தமிழ் நன்றாகவே புரிந்தது, பதில்தான் இங்கிலீஷில் வந்தது. பாதி எழுதின அட்டையைக் கொடுக்கக் கூடாதாம். கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் மேலே இருந்ததைப் பார்த்ததும், எழுதினவர் எங்கேயோ பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியதாம். அவள் அம்மாவும் பால் வாங்குகிற சீட்டில்கூட இதைப் போடுவாராம். அப்புறம் ஸ்ட்ரோலரில் இருந்தவனின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே சொன்னாள்:

"மை மாம் கான்ட் வோட் ஐதர், ஆன்ட்டி. தட்ஸ் வை ஐ ஸ்டாண்ட் ஹியர்."

ஆக, இரண்டு நாட்டுத் தேர்தல் காகிதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு நான் கண்டது இதுதான்: எங்கள் வீட்டின் ஒரே வாக்காளர், பென்சிலைக் கையில் கொடுத்தால் இப்போதைக்கு வாயில்தான் வைத்துக்கொள்கிறார்.